வேடியப்பன் மேட்டில் பதிவான மழை

1

இந்த மாசியில் அப்பாவுக்கு முதல் வருடத் திவசம். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரில் தம்பி சக்திவேல் இலை போட்டுப் படைத்த அதே நாளில், நார்வேயில் பெர்கன் நகரத்து மூன்றாம் மாடிப் பால்கனியில் நானும் ஒரு தட்டில் சோறு வைத்தேன். இங்கத்துக் காக்கைக்குத் தலையும் சிறகும்தான் கறுப்பு, உடம்பு சாம்பல். இதற்கு எங்கள் அப்பாவைத் தெரியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்து, தட்டு நிரம்பி, சோறு மிதந்தது. மறுநாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பறவைகளுக்கு உணவு வைப்பது விதிக்குப் புறம்பு என்றும், மொழி தெரியாததால் இது நேர்ந்திருக்கலாம் என்றும் பெரிய மனதோடு எழுதியிருந்தார்கள்.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் குளிரைப் பற்றித்தான். குளிர் பழகிவிடும். ஆறேழு வருடமாக இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழகாதது மழைதான். எங்கள் பக்கம் நாலு சொட்டு விழுந்தால் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவோம். இங்கே வருடம் முழுக்கப் பெய்கிற மழையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்தது இந்த மழையையும் அல்ல. எங்கள் ஊரில் பெய்யாத மழையை, அது பெய்ததாகக் காட்டிய ஒரு கருவியை, அதனால் நான் பட்ட பயத்தை.

2

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு மேடு. அதில் வில்லும் கத்தியுமாக ஒரு வீரனைச் செதுக்கிய பழைய கல் நிற்கிறது. அவர்தான் வேடியப்பன், எங்கள் பங்காளிகளுக்குக் குலசாமி. தினமும் காலையில் எங்கள் வகையறாவில் ஒருவர் போய் அந்தக் கல்லுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து அந்த வேலை அப்பாவுடையது.

சில வருடங்களுக்கு முன்னால், ஊருக்கு ஊர் தானியங்கி மழைமானி வைக்கிறோம் என்று சிலர் வந்தார்கள். மரமில்லாத வெட்டவெளி வேண்டும், ஆடு மாடு வராமல் வேலியும் வேண்டும். வேடியப்பன் மேட்டில் இரண்டும் இருந்தது. சாமியிடம் பூப்போட்டுக் கேட்டார்கள், சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது, கல்லுக்குப் பக்கத்திலேயே கம்பத்தை நட்டுவிட்டார்கள். அதில் பெய்கிற மழை, அடிக்கிற வெயில், காற்றின் ஈரம் எல்லாம் உடனுக்குடன் இணையத்தில் வரும். கடவுச்சொல் கிடையாது, உலகத்தில் யாரும் எந்த ஊரையும் எடுத்துப் பார்க்கலாம். சக்திவேல் எனக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினான். மழை பெய்தால் அந்த நாளுக்கு ஒரு நீலக் கோடு நிற்கும். பெய்யாவிட்டால் வெறும் வெள்ளை. எங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

அந்த மழைமானியின் மேல்பக்கம் அகன்ற வாய். உள்ளே இரண்டு குட்டிக் கிண்ணங்கள், பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி. ஒன்று நிரம்பினால் கவிழும், மற்றது மேலே வரும். கவிழ்வதைத்தான் அது மழை என்று எண்ணும். மேலேயிருந்து வந்தது வானத்துத் தண்ணீரா, ஆள் ஊற்றியதா என்று அதற்குத் தெரியாது.

ஒரு பங்குனி மாதம் தினமும் சின்னச் சின்ன நீலக் கோடுகள் வரத் தொடங்கின. விடிகிற நேரம், ஒரு தூறல் அளவு. தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஊர்ல மழையாடா?"

"மழையா? மண்ணு அனலாக் கொதிக்குதுக்கா. ஒரு பொட்டு மேகம் இல்ல."

இரண்டு நாள் கழித்து அவனே சிரித்துக்கொண்டு கூப்பிட்டான். "மழ யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன். நம்ம அப்பாதான். வேடியப்பனுக்கு ஊத்திட்டுச் சொம்புல மிச்சம் இருக்கறத அந்த மெஷினு வாயில ஊத்தறாரு. என்னப்பா இதுன்னு கேட்டா, செல்வி அங்க பாக்கறா இல்லன்னு சொல்றாரு."

அப்பாவுக்குப் போனில் பேச வராது. சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன், அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் எங்கள் பேச்சு ஒரு வாக்கியம் நீண்டது.

"காத்தால பாத்தியா?"

"பாத்தேங்கப்பா."

"செரி. அவ்ளோதான்."

அப்பா எழுந்துவிட்டார், மேடு ஏறிவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று இங்கே நான் கண் விழிக்கும்போது எனக்குத் தெரிந்துவிடும். ஊரின் மழைக் கணக்கு கெடுகிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பொட்டல் காட்டு மழைக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். டிராமில் வேலைக்குப் போகும்போது அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்ப்பேன். என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது, தாத்தாவை இந்த ஊர் மொழியில் 'பெஸ்டெஃபார்' என்றுதான் சொல்வாள். அவளும் சில நாள் எட்டிப் பார்த்து, "பெஸ்டெஃபார் மழை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொள்வாள். அவளுக்கும் அவருக்கும் இடையில் மிஞ்சியிருந்த சொந்தம் அது ஒன்றுதான்.

3

போன மாசியில் ஒரு நாள் கோடு இல்லை.

மின்சாரம் போயிருக்கும், சிக்னல் போயிருக்கும் என்று பல் துலக்கிக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கருவிக்குச் சூரியத் தகடு, மின்சாரமே வேண்டாம். வெயிலும் காற்றின் ஈரமும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. மழை மட்டும் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போடப் போனேன், அதற்குள் அவனே கூப்பிட்டான். அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார்.

என் வசிப்பு அட்டை அப்போது புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அது கைக்கு வராமல் வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவது நிச்சயமில்லை. இங்கே அந்த அட்டை கொடுப்பது போலீஸ்காரர்கள். அவசரம் என்று ஓடினேன், டோக்கன் எடுத்து உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியவள், பதற்றத்தில் மொழி குழறி, இறந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவள் கனிவோடு, "சீக்கிரம் குணமாகட்டும்" என்றாள். அதைத் திருத்தாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவை எடுத்ததைப் போனில்தான் பார்த்தேன், அதுவும் யாரோ தோளுக்குப் பின்னாலிருந்து.

மறுநாள் விழித்ததும் பழக்க தோஷத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவை எடுத்த மறுநாள் காலை, விடிகிற நேரத்துக்கு, அதே தூறல் அளவில் ஒரு நீலக் கோடு.

4

உங்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு. கருமாதி முடியும் வரை குலசாமி இருக்கும் திக்கில் கால் வைக்கக் கூடாது. தாலி இழந்தவள் வாசற்படியே தாண்டக் கூடாது. மற்ற வகையறாக்காரர்களுக்கு எங்கள் வேடியப்பனோடு என்றைக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்த நாட்களில் மேட்டுக்குப் போக ஆளே இல்லை.

ஆனால் கோடு தினமும் வந்தது. தம்பியிடம் கேட்டேன்.

"நீ மேட்டுக்குப் போனியாடா?"

"தீட்டோட எப்படிக்கா போவேன்? பங்காளிங்க சும்மா விடுவாங்களா? ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

கோடு வருவதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்ப் பார்ப்பான், ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. அதே நேரம் பயமாகவும் இருந்தது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முகம் கழுவினேன். முதியோர் இல்லத்தில் நான் கவனித்துக்கொண்ட ஒரு கிழவர், நினைவு தப்பியவர், ஒரு காலை என் கையைப் பிடித்து, "உன் சட்டை நனைந்திருக்கிறதே, உன்னோடு வந்தவரும் நனைந்திருக்கிறாரே" என்றார். அவர் எல்லோரிடமும் ஏதாவது சொல்கிறவர். இருந்தாலும் அன்று முழுக்க எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

கருமாதி முடிந்தது. அதன் பிறகு கோடுகள் மாறின. தூறல் நின்று பெருமழை ஆயிற்று. பல நாள் நீலம் பக்கத்தின் உச்சியைத் தொட்டது. அப்பா கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன். படித்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்பீர்கள். பெற்ற அப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்குப் படிப்பு எதற்கும் உதவாது.

5

சித்திரையில் தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"யக்கா, மாதையன் வந்திருக்கான்."

மாதையன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவர்கள் வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். ஊரில் அவனுக்கு இருப்பது மானாவாரி நிலம் மட்டும், வானம் பார்த்துத்தான் வெள்ளாமை. மற்ற நாளெல்லாம் புருசனும் பொண்டாட்டியும் பெங்களூரில் கட்டட வேலை. ஊரில் அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, மழை பெய்ததா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதனால் எங்கள் ஊர் மழைப் பக்கத்தை அவன் தன் போனில் வைத்திருந்திருக்கிறான். இந்த வருடம் கோடை மழை இப்படிக் கொட்டுகிறதே என்று, மேஸ்திரியிடம் சண்டை போட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு, கேழ்வரகு விதையும் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டான். வந்து பார்த்தால் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

தம்பி போனை அவனிடம் கொடுத்தான்.

"செல்வி, நல்லா இருக்கியா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சுன்னு சொல்வாங்க இல்ல, அந்தக் கத ஆயிப்போச்சு என் கத" என்று சிரித்தான். "கவர்மெண்ட் மாதிரி நீலமா போட்டிருந்துச்சு. நம்பாம எப்படி இருப்ப?"

பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது. "மளெ எல்லி? மளெ எல்லி?" மழை எங்கே, மழை எங்கே என்று கன்னடத்தில் அவள் யாரிடம் கேட்கிறாள் என்றே தெரியவில்லை. மேஸ்திரி அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டான், திரும்பிப் போக இடமில்லை என்று தம்பி பிறகு சொன்னான்.

பொட்டல் காட்டு மழைக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேனே. என்னைப் போலவே ஊரைவிட்டுப் போனவர்கள்தான் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரன் அண்ணாந்து பார்த்தால் போதும், அவனுக்கு அந்தப் பக்கம் எதற்கு? எனக்கு அப்பாவின் சேதியாக இருந்த கோடு, மாதையனுக்கு அந்த வருடத்துச் சோறாக இருந்திருக்கிறது. அது தொடர்ந்தால் அடுத்து திருப்பூரிலிருந்து ஒருவன் மூட்டை கட்டுவான். நிறுத்தினால் அப்பா நின்றுபோவார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில், பிழையைத் தெரிவிக்க என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு நாள் டிராமில் உட்கார்ந்து அழுத்தினேன். இந்த மழை மழை அல்ல, யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள், தயவுசெய்து வந்து பாருங்கள் என்று எழுதினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எனக்குக் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். அப்போதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

6

ஆட்கள் வரும் முன்னாலேயே தம்பி ஒரு காலை மேட்டில் காத்திருந்து பார்த்துவிட்டான். ஊற்றியது அம்மா!

போனில் அம்மாவைக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்.

"உங்கப்பன் இருந்தவரைக்கும் ஊத்துனாரு. நீ அத அங்க பாப்பியாமே. நான் காத்தால எழுந்துட்டேன், நல்லா இருக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அதான் நானும் ஊத்துனேன். முழுச் சொம்பும் ஊத்துனேன், கொறவு வெக்கல."

"எப்ப இருந்தும்மா?"

"கருமாதி முடிஞ்ச மறுநாள்ல இருந்து."

அவளுக்கு அளவு தெரியாது. அந்த வாய்க்குள் ஒரு முழுச் சொம்பு விழுந்தால் ஊருக்கே உழவு மழை பெய்ததாகக் கணக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இனிமே ஊத்தாதம்மா, போன் பண்ணு" என்றேன். மாதையனின் கதையைச் சொன்னதும், "அடப்பாவமே, அந்தப் புள்ள வூட்டுக்கா இந்தக் கெதி" என்று அன்றைக்கே எங்கள் கிணற்றடி நிலத்தில் ஒரு பாத்தியை அவனுக்கு விதைக்கக் கொடுத்துவிட்டாள். மர்மம் தீர்ந்தது என்று ரசம் வைத்துச் சாப்பிட்டு நிம்மதியாக இருந்தேன். அம்மா சொன்னதில் ஒரு பாதி அப்போது என் காதில் ஏறவே இல்லை.

7

ஆடியில் ஆள் வந்து கருவியைச் சோதித்துப் பூட்டுப் போட்ட கம்பிக் கூடு வைத்துவிட்டுப் போனார். பழைய கணக்கைச் சரிசெய்ய அவர்களுக்குப் பல மாதம் ஆயிற்று. அப்பாவின் திவசம் முடிந்த வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தெரிவித்தமைக்கு நன்றி, ஆள் ஊற்றிய நாட்களை நீக்கிவிட்டோம், காற்றின் ஈரமும் வெப்பமும் ஒத்துப்போகும் நாட்களை மட்டும் உண்மையான மழையாக வைத்திருக்கிறோம் என்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை. யாழினியின் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கருவி இருக்கிறது, அவளிடம் காட்டினேன்.

"தண்ணி ஊத்தினா கிண்ணம் மட்டும்தான் கவிழும்மா. காத்து குளிராது. நிஜ மழைன்னா காத்து குளிரும், ஈரம் ஏறும். அதைப் பார்த்துப் பிரிச்சிருக்காங்க."

இருவரும் பக்கத்தைத் திறந்தோம். அப்பா ஊற்றிய பங்குனி வெள்ளையாகிவிட்டது. அதற்கடுத்த மாதங்களில் அப்பா ஊற்றியதெல்லாம் வெள்ளை. அம்மா ஊற்றிய சித்திரை வெள்ளை. மனம் கனத்தது, ஆனாலும் நானே கேட்டு வாங்கியதுதானே என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். மாசியில் விரல் நின்றது.

அப்பாவை எடுத்த மறுநாளிலிருந்து கருமாதி வரைக்கும் நீலக் கோடுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு நாளும், விடிகிற நேரம், தூறல் அளவு. கருமாதி முடிந்த மறுநாளிலிருந்துதான் ஊற்றினேன் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழினி ஈரத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே காற்று குளிர்ந்திருந்தது, ஈரம் ஏறியிருந்தது.

"இது நிஜ மழைம்மா" என்றாள். காதில் மாட்டியிருந்த பாட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"சக்தி, கருமாதிக்கு முன்னால நம்மூர்ல காத்தால மழ பெஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என்னக்கா பேசற? பந்தலுக்கு வெளியில கட்டிலப் போட்டுப் பங்காளிங்க அத்தன பேரும் படுத்துக் கெடந்தோம். ஒரு சொட்டு வுழுந்திருந்தாத் தெரியாதா? புழுதிதான் பறந்துச்சு."

"செரிடா."

"மெஷினு இன்னும் கெட்டுத்தான் இருக்குதா? மறுபடி எழுதிப் போடேன்."

பக்கத்தின் அடியில் பொத்தான் இருந்தது. யாழினி என் முகத்தைப் பார்த்தாள். நான் போனை வைத்துவிட்டேன். நான் அழுத்தப் போவதில்லை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் விடிகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பெர்கன் மழை பெய்யும்போது அது யாருடையது என்று ஒரு கணம் உடம்பு கூசுகிறது. மாதையன் இந்த ஆடிக்கு மழையை நேரில் பார்த்துத்தான் விதைப்பானாம், போனை நம்ப மாட்டானாம். நல்லது. ஆனால் உங்களில் யாருக்காவது தோன்றினால் அந்தப் பக்கத்தைத் திறந்து, பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரைத் தேர்ந்து, போன வருடத்து மாசிக்குப் போங்கள். எங்கள் அப்பா செத்த பிறகு பெய்த மழை அங்கே சோதித்து, சரிபார்த்து, உண்மை என்று வைக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.